உடற்பயிற்சியில் பாரம் பெரிதா, முறை பெரிதா?

கடைவீதியில் ஷட்டர் உயர்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நம் வணிகர்களில் பலர் இப்போது எழுந்து விடுகிறார்கள். முன்பெல்லாம் சர்க்கரை இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் மைதானத்தை நான்கு சுற்று சுற்றி வருவதோடு சரி. இன்று தாலுகா ஊர்களில்கூட மாடியில் ஒரு ஜிம் என்று வந்துவிட்டது. மளிகைக் கடைக்காரரும், ஜவுளிக் கடை முதலாளியும், இரும்புக் கடை உரிமையாளரின் மகனும் ஐந்தரை மணிக்கு அங்கே சந்தித்துக் கொள்கிறார்கள். சங்கக் கூட்டத்துக்கு வராதவர்களைக்கூட அங்கே பார்க்க முடிகிறது என்றால் மிகையில்லை.

இது வரவேற்க வேண்டிய மாற்றம். நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தொழில் நம்முடையது. நடை மட்டும் போதாது, தசைகளுக்கும் வேலை வேண்டும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை வேகமாக நடப்பது போன்ற பயிற்சியும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று கூறியுள்ளது. வேலை செய்யும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக் கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் எடுத்துக் கொண்டே இருக்கிறது. சர்க்கரை உள்ள வணிகருக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

ஆனால் ஜிம்முக்குப் போகிறவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பது வேறு கதை. சுவர் முழுவதும் கண்ணாடி. பக்கத்தில் இருபது வயதுப் பையன் அறுபது கிலோ தூக்குகிறான். ‘நாம் சின்ன வயதில் மூட்டை தூக்காதவரா’ என்று நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு உள்ளே ஒரு குரல் எழுகிறது. இரண்டு தட்டுகளைக் கூடுதலாக மாட்டுகிறார். முதுகு வளைகிறது, முழங்கை விரிகிறது, முகம் சிவக்கிறது, எப்படியோ கம்பி மேலே வந்துவிடுகிறது. யாராவது பார்த்தார்களா என்று கண்ணாடியில் ஒரு பார்வை. இப்போது இதைக் கைப்பேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பும் வழக்கமும் சேர்ந்து கொண்டது. மறு வாரம் கடைக்கு விடுமுறைப் பலகை தொங்குகிறது. ஊழியர்கள் பத்துப் பேர் உள்ள கடையாக இருந்தால் எப்படியோ ஓடும். தானே கொள்முதல், தானே விற்பனை, தானே வசூல் என்று இருப்பவர் மூன்று வாரம் படுத்துவிட்டால், பண்டிகைச் சரக்குக்குக் கொடுத்த முன்பணம் என்னாவது, வாடிக்கையாளர் எங்கே போவார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

வித்தை வேறு, பயிற்சி வேறு

பலத்தைப் பிறர் காணச் செய்வது நமக்குப் புதிதல்ல. தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் இருக்கிறது. உருண்டையான பெரிய கல்லை முழங்காலுக்கு ஏற்றி, மடிக்கு ஏற்றி, மார்பில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட வேண்டும். பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையின் பலத்தைப் பார்க்க இது நடந்தது என்பார்கள். பொங்கலை ஒட்டிச் சில ஊர்களில் இன்றும் போட்டியாக நடக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கு ஒரு நாள். கல்லைத் தூக்குகிற இளைஞன் மற்ற நாட்களில் வயலில் உழைத்து உடம்பைத் தயார் செய்தவன். தூக்கும் விதத்தையும் பாருங்கள்: கல் உடம்பை ஒட்டியே மேலே ஏறுகிறது, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி மூச்சு வாங்கிக் கொள்கிறான். கையை நீட்டி விசையாக இழுத்தால் அந்தக் கல் வராது. கண்ணாடி முன் நிற்கும் நம் அன்பர் காட்டும் அவசரம் அங்கே இல்லை.

இன்னொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். சாண்டோ என்ற சொல் நமக்கெல்லாம் சின்னப்பா தேவர் பெயரோடு வந்து பழகிவிட்டது. அது உண்மையில் யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பியரின் பெயர். 1867இல் பிரஷ்யாவில் பிறந்தவர். மேடையில் பாரம் தூக்கும் வித்தைகளைக் காட்டி, 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிச் சமயத்தில் பெரும் புகழ் பெற்றார். 1901இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் உடற்கட்டுப் போட்டி ஒன்றையும் நடத்தினார். நடுவர்களில் ஒருவர் துப்பறியும் கதை எழுதிய ஆர்தர் கானன் டாயில். 1905 வாக்கில் இந்தியாவுக்கும் வந்து காட்சிகள் நடத்திப் போனார். அவர் நல்ல வியாபாரியும்கூட. புத்தகம், பயிற்சிக் கருவி, கோகோ தூள் என்று தன் பெயரிலேயே விற்றவர். நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: மேடையில் அவர் தூக்கியது மலைக்க வைக்கும் பாரம், வாடிக்கையாளர்களுக்கு வீட்டில் செய்யச் சொன்னதோ சில பவுண்டு எடை மட்டுமே உள்ள சிறிய தம்பிள்ஸ். அதையும் மனதை அந்தத் தசையில் நிறுத்திச் செய்ய வேண்டும் என்றார். வித்தையை டிக்கெட்டுக்கு விற்றார், பயிற்சியைப் புத்தகமாக விற்றார். இரண்டையும் அவர் கலக்கவில்லை. நாம்தான் கலக்கிறோம்.

கணக்கில் எங்கே பிழை?

கம்பியில் எவ்வளவு எடை ஏறியது என்பது விற்றுமுதல் மாதிரி. அதில் எவ்வளவு, எந்தத் தசைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் லாபம். ஆண்டுக்கு ஒரு கோடி விற்றுமுதல் காட்டிவிட்டுக் கடனில் மூழ்கிய கடைகளை நாம் பார்த்ததில்லையா? ஜிம்மில் தினமும் நடப்பது அதுவே.

முதலில் கைத்தசைக்குச் செய்யும் கர்ல் பயிற்சியை எடுத்துக் கொள்வோம். முழங்கையை விலாவோடு வைத்து, முன்கையை மட்டும் மடக்கித் தம்பிள்ஸை மேலே கொண்டு வர வேண்டும். பத்து கிலோ போதுமான ஒருவர் இருபது கிலோவை எடுத்தால் கை மட்டும் அதைத் தூக்காது. இடுப்பை முன்னே தள்ளி, முதுகைப் பின்னே வளைத்து, ஊஞ்சல் போல் ஒரு வீச்சு வீசுகிறார். அந்த வீச்சில் தம்பிள்ஸ் தானாகப் பாதி தூரம் வந்துவிடுகிறது. கைத்தசைக்குக் கிடைத்தது மீதிப் பாதி. உழைத்தது இடுப்பு, அதை வளர்க்க அவர் வரவில்லை. பிறகு அதே வேகத்தில் கையைக் கீழே விட்டுவிடுகிறார். இது இன்னொரு நட்டம். பாரத்தை மெல்ல இறக்கும்போதும் தசை வேலை செய்கிறது. சொல்லப் போனால் தூக்க முடியாத எடையைக்கூட இறக்குவதற்குத் தசையால் தாங்க முடியும். அந்த வேலையை வீணடித்தால், வந்த சரக்கில் பாதியை லாரியிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

பஸ்கியிலும் இதுதான் கதை. பள்ளிக்கூடத்தில் தப்பு செய்து வாத்தியார் போடச் சொன்னபோது முழுக்க உட்கார்ந்துதான் எழுந்தோம். ஜிம்மில் தோள் மேல் கம்பியை வைத்து அதற்கு ஸ்குவாட் என்று பெயர் வைத்ததும் முழங்கால் நான்கு விரற்கடை மடங்கினால் போதும் என்றாகி விட்டது. எடையைப் பாதியாகக் குறைத்துத் தொடை தரைக்குச் சமமாக வரும் வரை உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கும் இடுப்புக்கும் உண்மையான வேலை கிடைக்கும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் வலி வராத ஆழம் வரை போனால் போதும். அது வேறு விஷயம்.

பெஞ்சில் படுத்து மார்புக்கு மேலே கம்பியைத் தள்ளும் பயிற்சியில் இரண்டு வேடிக்கைகள் உண்டு. கம்பியை நெஞ்செலும்பில் மோதவிட்டு அந்த எதிர்விசையில் மேலே எழுப்புவது ஒன்று. தலைமாட்டில் நிற்கும் நண்பர் கம்பியில் கை வைத்து ‘உன்னால் முடியும், உன்னால் முடியும்’ என்று சொல்லிக்கொண்டே தானும் இழுப்பது இன்னொன்று. கூட்டு வியாபாரத்தில் இருவர் போட்ட முதலை ஒருவர் பேரில் எழுதுவது போன்றது இது. படுத்திருப்பவர் எண்பது கிலோ தூக்கியதாக ஊருக்குச் சொல்வார். நண்பர் வராத ஒரு நாள் அதே எண்பதைத் தனியாக ஏற்றினால் கம்பி மார்பிலோ கழுத்திலோ விழும். இப்படி உயிரிழந்தவர்கள் உலகில் உண்டு என்பதால் இதை மட்டும் நாம் வேடிக்கையாக விட முடியவில்லை. துணை இல்லாத நாளில் படுத்துத் தள்ளும் பயிற்சியைக் கம்பியில் செய்யாதீர்கள், தம்பிள்ஸில் செய்யுங்கள்.

எடையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் தராசுக்கும் படிக்கற்களுக்கும் முத்திரை வைக்கத் தொழிலாளர் துறை அதிகாரிகள் வருகிறார்கள். ஜிம் தட்டுகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. இருபது என்று வார்த்திருக்கும் தட்டு இருபதுதானா என்பதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. சர்வதேசப் போட்டிகளில் ஆண்களுக்கான வெறும் கம்பி மட்டும் 20 கிலோ. நம் ஊர் ஜிம்களில் பல கம்பிகள் அதைவிட இலேசானவை. ஆக, ‘நான் நூறு கிலோ’ என்று சொல்பவர் எவ்வளவு தூக்கினார் என்பது அவருக்கே தெரியாது. அந்த எண்ணுக்காகத்தான் முதுகைப் பணயம் வைக்கிறார்.

முதுகெலும்பு என்ன சொல்கிறது?

தரையில் கிடக்கும் கம்பியை இரு கையாலும் பற்றி நிமிர்வதை டெட்லிஃப்ட் என்கிறார்கள். நமக்கு இது புதிய பயிற்சியே அல்ல; கிடங்கில் மூட்டையை எடுப்பது போலத்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. அவற்றைத்தான் டிஸ்க் என்கிறோம். ஜெர்மனியில் உல்ம் நகர ஆய்வாளர்கள், சம்மதம் தெரிவித்த ஒருவரின் இடுப்பு டிஸ்கினுள் நுண்ணிய அழுத்தமானியைச் செலுத்தி, அவர் நிற்கும்போதும் உட்காரும்போதும் பாரம் தூக்கும்போதும் எவ்வளவு அழுத்தம் ஏற்படுகிறது என்று அளந்து 1999இல் வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 5 என்று வைத்துக் கொள்வோம். 20 கிலோ பாரத்தை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது அது 23 ஆனது. அதே 20 கிலோவை முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கியபோது 17. தூக்கிய பிறகு உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 11. அதையே மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 18. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு இது. எல்லோருக்கும் இதே எண் வராது. ஆனால் எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்ற வரிசை தெளிவாகத் தெரிகிறது. பாரம் அதே 20 கிலோதான். அதை எங்கே பிடிக்கிறோம் என்பதில் மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

நம் தராசில் முள் நடுவில் நிற்க வேண்டுமானால் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கை நீண்ட தராசில் தூரத்தில் வைத்த சிறு கல் பக்கத்தில் உள்ள பெரிய கல்லைத் தூக்கிவிடும். முதுகும் அப்படித்தான். பாரம் முன்னே தள்ளிப் போகப் போக, பின்னால் இருக்கும் தசை பல மடங்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் டிஸ்கின் மேல் அமுக்கமாக இறங்குகிறது. ஆகவே கம்பி காலின் முன்னெலும்பை உரசிக்கொண்டு வர வேண்டும் என்று நல்ல மாஸ்டர்கள் சொல்வது வீண் கண்டிப்பு அல்ல.

இங்கே நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதுகு வளைந்தாலே டிஸ்க் விலகிவிடும் என்று மருத்துவ உலகம் ஒரே குரலில் சொல்லவில்லை. வருடக்கணக்கில் பழகிய முதுகு வளைந்தும் தாங்குகிறது. கை கால் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. எல்லோரும் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி நிற்க முடியாது. ஆபத்து எங்கே என்றால், பழகாத முதுகில், பழகாத எடையை, அவசரமாக, அதுவும் காலையில் எழுந்த சூட்டோடு ஏற்றுவதில். இரவு முழுதும் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சிச் சற்று உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அதன் மேல் பிடிப்பு அதிகம். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தரைக்குக் கம்பியைப் பிடிக்கும் வணிகர் இதை மனதில் வைக்க வேண்டும். கனமான குனிந்து தூக்கும் பயிற்சியைக் கடைசிக்குத் தள்ளி வைப்பது நல்லது.

அகலத் தோல் பெல்ட் கட்டிவிட்டால் எதையும் தூக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994இல் இதை ஆராய்ந்து, ஆரோக்கியமான தொழிலாளியின் முதுகை பெல்ட் காப்பாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. பெல்ட் கட்டியதும் தைரியம் கூடுகிறது. அந்தத் தைரியத்தில் இன்னொரு தட்டு ஏறுகிறது. அவ்வளவே.

மூச்சும் இரத்த அழுத்தமும்

வணிகர்களில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடாதவர்களை எண்ணுவது எளிது. அவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கட்டும். தூக்க முடியாததைத் தூக்கும்போது மனிதன் தானாகவே மூச்சை அடக்கிக் கொள்கிறான். வயிறும் மார்பும் இறுகி உடம்புக்கு உறுதி கிடைக்கிறது. கூடவே இரத்த அழுத்தமும் எகிறுகிறது. எவ்வளவு என்றால், 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உடற்கட்டுப் பயிற்சியில் தேர்ந்த ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களின் இரத்தக் குழாயிலேயே மானியைச் செருகி அளந்தார்கள். இரு காலாலும் அதிக எடையைத் தள்ளியபோது சராசரி அழுத்தம் 320க்கு 250 வரை போயிற்று. ஒருவருக்கு 480க்கு 350ஐத் தாண்டியது. நாம் 140க்கு 90 என்றாலே மருத்துவரிடம் ஓடுகிறோம். அந்த இளைஞர்களின் இரத்தக் குழாய்கள் அதைத் தாங்கின. பயிற்சி முடிந்ததும் அழுத்தம் உடனே இறங்கிவிட்டது. ஐம்பது வயதில், கொழுப்புப் படிந்த குழாயோடு, மாத்திரையைச் சரியாகப் போடாத ஒருவருக்கு அதே சோதனை எப்படி முடியும் என்று சொல்ல முடியாது.

இதற்குப் பயந்து பயிற்சியையே விட வேண்டியதில்லை. அளவான எடையைத் தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது மூச்சை இழுத்துச் செய்தால் அழுத்தம் அவ்வளவு ஏறாது; முறையான பயிற்சி நாளடைவில் அதைக் குறைக்கவும் உதவும். பல்லைக் கடித்து மூச்சை அடக்கினால்தான் எடை எழும் என்ற நிலை வந்தால், அந்த எடை உங்களுக்கு உரியதல்ல. சர்க்கரையால் விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்திருப்பதாகக் கண் மருத்துவர் சொன்னவர்களும், குடலிறக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கனமான எடையைத் தொடவே கூடாது. இன்சுலின் போட்டுக் கொள்பவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றோடு கடும் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

முதல் நாள் வீரம்

புத்தாண்டிலோ சித்திரையிலோ ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, முதல் நாளே இரண்டு மணி நேரம் விளாசுபவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் கை நிமிராது. அது சாதாரண வலி, மூன்று நாளில் போய்விடும். ஆனால் தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதிலிருக்கும் பொருட்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கருப்புக் காபி நிறத்தில் போனால், தசை வீங்கி வலி தாங்க முடியாமல் இருந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘சூடு’ என்று இளநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு. சேர்ந்த முதல் ஆறு வாரத்தில் எடை மளமளவென்று ஏறும். அந்தக் கட்டத்தில் கூடும் பலத்தில் பெரும் பங்கு தசை வளர்ந்ததால் வருவதல்ல. இருக்கும் தசையை ஒருங்கே வேலை வாங்க நரம்புகள் கற்றுக் கொள்வதால் வருவது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் தசையைவிட மெதுவாகத்தான் வலுப்படும். புதுக்கடைக்கு முதல் மாதத்தில் வரும் கூட்டத்தை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கைக் குவிப்பது போல், இந்த முதல் வேகத்தை நம்பி எடையைக் குவிப்பவர்களுக்குத்தான் தோள்பட்டையும் முழங்கையும் பிடித்துக் கொள்கின்றன.

எடையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பதை ஒழுங்கான முறையாக எழுதி வைத்தவர் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களின் கால் பலத்தை மீட்க அவர் செய்த முறை 1945இல் வெளிவந்தது. பிறகு 1948இல் அதை எளிமைப்படுத்தினார்கள். ஒருவரால் சரியாகப் பத்து முறை தூக்க முடிந்த எடையைக் கண்டுபிடிப்பது. அதில் பாதி எடையில் பத்து முறை, முக்கால் எடையில் பத்து முறை, முழு எடையில் பத்து முறை. மூன்றாவது சுற்றில் பத்தும் எளிதாக வரத் தொடங்கினால்தான் எடையைக் கூட்டுவது. இன்றும் ஜிம்களில் ‘மூன்று செட், பத்து’ என்று சொல்கிறார்களே, அது இங்கிருந்து வந்ததுதான். பெரும்பாலோர் முதல் இரண்டு சுற்றைத் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டும்தான் மூட்டுகளுக்குச் சூடேற்றி, கைக்கு முறையைப் பழக்குபவை.

பணம் கட்டுமுன்

ஒரு மூட்டை மிளகாய் வாங்குவதற்குக் கையை விட்டு மாதிரி பார்க்கிறோம். முறித்து, முகர்ந்து பார்க்கிறோம். ஜிம்முக்கு மட்டும் விளம்பரத்தில் உள்ள மார்பைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். நல்ல உடம்பு வைத்திருப்பவரெல்லாம் நல்ல மாஸ்டர் அல்ல. நாம் பார்க்க வேண்டியது வேறு. சேர்ந்த அன்று உங்கள் வயது, சர்க்கரை, அழுத்தம், பழைய அடி, அறுவை சிகிச்சை இவற்றைக் கேட்டாரா? வெறும் கம்பியில் முதலில் செய்யச் சொன்னாரா? நீங்கள் செய்யும்போது கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருந்தாரா, உங்களைப் பார்த்தாரா? ‘எடையைக் குறையுங்கள்’ என்று யாரிடமாவது அவர் சொல்லக் கேட்டீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். வாடிக்கையாளர் முகம் கோணும் என்று தெரிந்தும் ‘இந்தத் துணி உங்களுக்குச் சாயம் போகும், வேண்டாம்’ என்று சொல்லும் கடைக்காரர் எப்படிப்பட்டவரோ, அப்படிப்பட்டவர் அந்த மாஸ்டர்.

ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். ஓராண்டுக்குக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். தள்ளுபடியின் சூட்சுமம் நமக்குத் தெரியாததா என்ன!

வயது கூடியவர்கள் இளைஞர் கூட்டம் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே வயதுள்ள மூன்று நான்கு வணிகர்கள் சேர்ந்து போனால் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துச் சொல்ல முடியும். கண்ணாடியில் நேரே பார்ப்பவருக்குத் தன் முதுகு எப்படி வளைகிறது என்பது தெரியவே தெரியாது. கைப்பேசிப் படம் இதற்குப் பயன்படட்டும். பக்கவாட்டில் வைத்து எடுத்து, மாஸ்டரிடம் காட்டித் திருத்திக் கொள்ளுங்கள்.

கிடங்கிலும் இதே முதுகுதான்

ஜிம்மில் ஒரு மணி நேரம் முறையாகச் செய்துவிட்டு, கடைக்கு வந்ததும் சிப்பத்தைக் குனிந்து ஒற்றைக் கையால் இழுத்தால் என்ன பயன்? நம் முதுகைவிட நமக்காகத் தூக்குபவர்களின் முதுகு மேலும் அதிகம் பாடுபடுகிறது. லாரியிலிருந்து இறக்கும் தொழிலாளர்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். வெறும் பகட்டுக்காக ஒரு மூட்டைகூட அவர்கள் தூக்குவதில்லை. இருவர் கொக்கி போட்டு ஏற்றிவிட, ஒருவர் முதுகில் வாங்கி, உடம்போடு ஒட்டவைத்து, குறுகிய அடி வைத்து நடக்கிறார். இன்னும் இருநூறு மூட்டை இருக்கிறது என்ற கணக்கு அவருக்குத் தெரியும். இத்தனை முறையோடு செய்தும் ஐம்பது வயதில் அவர்களில் பலரால் நிமிர முடிவதில்லை என்பதையும் நாம் பார்க்கிறோம். முறை சரியாக இருந்தாலும் அளவு மிஞ்சினால் உடம்பு கேட்காது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே, ஓர் ஆண் தொழிலாளி ஒருவராகச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகலாகாது என்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் சர்க்கரை மூட்டை 100 கிலோவாகவே நெடுங்காலம் வந்து கொண்டிருந்தது. இன்று சர்க்கரையும் சிமெண்டும் 50 கிலோ, அரிசிச் சிப்பம் 25 கிலோ. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள, பெயர் பொறித்த சிப்பங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பம் சந்தைக்கு வந்த வேடிக்கையும் நமக்கு நினைவிருக்கும். அந்த ஒரு கிலோ வரிக் கணக்கில் பெரிது. முதுகுக் கணக்கில் சிறிது. தரையிலிருந்து எடுக்கிறோமா, முழங்கால் உயரத்திலிருந்து எடுக்கிறோமா என்பதுதான் முதுகுக்குப் பெரிது.

கிடங்கில் இரண்டடி உயரத்துக்கு ஒரு மரப்பலகை மேடை போட்டு, தினமும் புழங்கும் சரக்கை அதன் மேல் அடுக்கினால் கடைப் பையன் தரை வரை குனிய வேண்டியதில்லை. ஒரு தச்சருக்கு ஒரு நாள் வேலை. ஈரம் ஏறாமல் மூட்டைகளும் தப்பிக்கும், எலி எங்கே ஓடுகிறது என்பதும் தெரியும்.